உன் லண்டன் இடம் எனக்கு வேண்டாம், அக்கா

என் சண்டைக்கார அக்காவுக்கு,

போன கிழமை உன் ஆண்டுத்திவசம். உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பெல்லாம் படைத்தோம். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சபை கூடிவிட்டது. விசாரணை என்னைப் பற்றி.

நோய் மட்டும் வராமலிருந்தால் நீ இந்நேரம் படித்துக்கொண்டிருப்பாயே, அந்த லண்டன் வணிகப் பள்ளி, அதற்கே நானும் போக வேண்டுமாம். "அவள் போக வேண்டிய இடம், பிள்ளை. நீ போனா அவளே போன மாதிரி," என்றார் அம்மா. அந்தக் குளிருக்கென்று நீ வாங்கிய கோட்டை என் அறையில் மாட்டியும் விட்டார். எனக்குத் தோளில் இறுக்குகிறது, அக்கா.

நீ எதற்காக லண்டனைத் தேர்ந்தாய்? அங்கே வங்கியில் வேலை செய்ய ஆசைப்பட்டாய். வங்கிகள் ஆள் எடுக்க வருகிற பள்ளியைத் தேடினாய். நானும் அதையேதான் செய்தேன். என் ஆசை இங்கே, ஆக்லாந்தில், பழ ஏற்றுமதியில். விடுமுறையில் வேலை செய்த கம்பெனியில், "நீங்கள் எங்கே படித்தீர்கள்?" என்று மேலாளர்களிடம் வெட்கமில்லாமல் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் இந்த ஊர்ப் பள்ளி ஒன்றைத்தான் சொன்னார்கள். பயிற்சிக்கும் அங்கிருந்தே ஆள் எடுக்கிறார்களாம். உலகத் தரவரிசையில் அது எங்கோ கீழே கிடக்கிறது. கிடக்கட்டுமே! தரவரிசையா எனக்கு வேலை தரப் போகிறது?

இதைச் சொன்னதும் லின்ஃபீல்டிலிருந்து வந்திருந்த மாமா, "அக்காவின்ர ஆத்மா சாந்தியடைய வேண்டாமே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, செத்தது அக்கா. நான் இன்னும் சாகேல்லை."

அம்மா அழுதார். மாமா கிளம்பிப் போகச் செருப்பைத் தேடினார். நான் சொன்னது கொடுமைதான். ஆனால் பொய்யா? நீயே சொல்.

இன்று காலை ரானுயி ஸ்டேஷனில் ரயிலேறிப் போய் அந்தப் பள்ளியில் என் இடத்தை உறுதி செய்துவிட்டு வந்தேன். அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கதைப்பாரா?

நீ இல்லாதது எனக்கு வலிக்கவில்லை என்று நினைக்கிறார்கள். தினமும் வலிக்கிறது. அதனால்தான் உனக்குச் சத்தியம் செய்கிறேன்: நீ உட்கார வேண்டிய கதிரையில் நான் ஒருநாளும் உட்கார மாட்டேன். உன் இடத்துக்கு இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று இந்த வீடு உன்னை மறக்க விடவே மாட்டேன்.

உன் ஒரே தங்கச்சி