மேலேயும் பனி, கீழேயும் பனி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பது கீழே வரும். போனில் பேசினால் உன் குரல் பாதி வழியிலேயே உறைந்துவிடுகிறது. எழுத்து என்றால் முழுதாக வந்து சேரும். எழுதி முடித்ததும் மருந்துக்கடைப் பெண் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். எனக்கே அனுப்பத் தெரியும். ஆனால் ஐஸ் தொழிற்சாலையில் உழைத்து உழைத்துக் கனத்த விரல் இது. ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது.

உன் அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு படத்தை வைத்து விளக்கத் தொடங்கினார். வால்வைப் பற்றி என்னிடமா என்று கேட்டு, எங்கள் அமோனியாக் குழாயில் வால்வு கசிந்தால் என்னென்ன ஆகும் என்று அவருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். மனிதர் அசந்துபோய் எழுந்து நின்று கை கொடுத்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிடத்தான் எழுந்தார் என்கிறாள் உன் அத்தை. அவளுக்கு என் பெருமை என்றால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி.

டாக்டர் சொன்னதன் சாரம் இது: வால்வை மாற்ற வேண்டும், இந்த மாதமே மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது. உன் அம்மா முடியாது என்கிறாள். “அவ வந்து என் எதிர்ல நிக்கட்டும், அதுக்கப்புறம் கத்தியை வைங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு தூரம் போகிறாயே என்ற கோபத்தில் நீ புறப்பட்ட அன்று வாசலுக்குக்கூட வராதவள், உன் போன் வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போகிறவள், இப்போது நீ வராமல் ஆபரேஷன் இல்லை என்கிறாள். கேட்டால், “மூஞ்சியப் பாக்காம பேசறதெல்லாம் ஒரு பேச்சா” என்கிறாள். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. பெண்கள் கணக்கு என்று விட்டுவிட்டேன்.

கவலைப்படாதே, மாமா காரியத்தை முடித்துவிட்டேன். வட துருவத்திலிருந்து தினமும் விமானம் உண்டு, பத்து நாளில் பெண் வந்து நிற்பாள் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ தென் துருவம் என்று சொல்லிவிட்டுப் போனாய். கிளம்பும் அவசரத்தில் வாய் தவறியிருக்கும். நானே எல்லோரிடமும் திருத்திச் சொல்லிவிட்டேன். மலை உச்சியில் குளிர், அடிவாரத்தில் வேர்வை. மேலே போகப் போகக் குளிர் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது. அடியில் கிடக்கும் தெற்கில் பனி எங்கிருந்து வரும்? நான் ஏழாவதோடு நிறுத்தியவன்தான். எட்டாவதில் என்னைக் கேட்க வாத்தியாரிடம் கேள்வி இல்லை.

வட துருவத்தில் இப்போது இரவே கிடையாது, நடுச்சாமத்திலும் சூரியன் நிற்கும் என்று சலூன் டிவியில் காட்டினார்கள். அதையும் அக்காவிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

கல் பொறுக்க அவ்வளவு தூரம் போகணுமா என்று அவள் கேட்டாள். பூமி உண்டான கதையை நான் சொன்னேன். ஆதியில் ஒன்றும் இல்லை, தூசிதான். கட்டிலுக்கு அடியில் தூசி தானாக உருண்டு திரள்கிறதல்லவா, அதுபோல ஆகாயத்தில் சூரியனைச் சுற்றித் திரண்டது. மோதி மோதிப் பெரிதாகிக் கொதித்தது. இரும்பு மாதிரி கனமானதெல்லாம் நடுவே இறங்கியது, லேசானது மேலே மிதந்து ஆறி ஓடாயிற்று. அப்போது ஒட்டாமல் மிஞ்சிய துண்டுகள்தாம் வானத்திலிருந்து விழும் கற்கள். அவற்றைத்தான் உன் மகள் தேடுகிறாள் என்றேன். குடும்பத்திலும் அப்படித்தான், என்னைப்போலக் கனமானவர்கள் நடுவில் இருப்பார்கள் என்றேன். “நுரைதான் மேல மிதக்கும், நீ எப்பவும் மேலதாண்டா இருக்கே” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

அடுத்த விமானத்தில் ஏறு. கரடிகள் ஜாக்கிரதை.

உன் வருகைக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
மாமா

* * *

அன்பு மருமகளுக்கு,

உன் பதில் வந்தது. படித்தேன். உன் அத்தையைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு மருந்துக்கடைப் பெண்ணை வைத்தும் படித்தேன். யார் படித்தாலும் அதேதான் எழுதியிருக்கிறது.

நீ இருப்பது தெற்கேதான் என்கிறாய். அங்கே இப்போது குளிர்காலம், சூரியன் திரும்பி வரும்வரை விமானம் இறங்காது, கடல் உறைந்து கிடப்பதால் கப்பலும் வராது என்கிறாய். இதை எப்படித் தலையில் ஏற்றிக்கொள்வது என்று தெரியவில்லை. வடக்கே உள்ள ஊர்களில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், விமானம் வந்துபோகிறது. அதே பனி, அதே குளிர். வடக்கே வருவது தெற்கே ஏன் வராது?

வடக்கு என்பது கடல், அதன்மேல் பனி மெல்லிசாக மிதக்கிறது. தெற்கு என்பது பாறை நிலம், அதன்மேல் பனி மலை மலையாக உட்கார்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். வானத்துக் கல் இரண்டு பக்கமும் சமமாகத்தான் விழுகிறது, வடக்கே விழுந்தது பனி உருகியதும் கடலுக்குள் போய்விடும், தெற்கே விழுந்தது பத்திரமாக இருக்கும், அதனால்தான் தெற்கே போனேன் என்றும் எழுதியிருந்தாய். நான் யார் சொன்னாலும் அப்படியே நம்புகிற ஆள் இல்லை. எங்கள் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஐஸ் பாளத்தை மிதக்கவிட்டு, மேலே ஒரு போல்ட்டை வைத்தேன். குளிர் அறைக்குள் சிமெண்டுத் தரையில் படிந்திருந்த பனிமேல் இன்னொரு போல்ட்டை வைத்தேன். மறுநாள் காலையில் தொட்டிப் போல்ட் அடியில் கிடக்கிறது. அறைப் போல்ட் வைத்த இடத்திலேயே இருக்கிறது. முதலாளி வந்து, தொட்டிக்குள் இரும்பு போட்டவன் யார் என்று கத்தினார். துருவ ஆராய்ச்சி நடக்கிறது என்றேன். “முதல்ல அந்த மோட்டார் ஏன் கத்துதுன்னு ஆராய்ச்சி பண்ணு” என்றார். ஆராய்ச்சியாளர்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே.

ஆக நீ சொன்னது சரி. அடியில் கடல் இருந்தால் குளிர் கொஞ்சம் இளகும். அடியில் கல், மேலே மலை உயரப் பனி என்றால் இளக இடமே இல்லை. உயரம் ஏறினால் குளிர் என்ற என் கணக்கும் தப்பவில்லை என்பதைக் கவனி. வரைபடம் போட்டவன்தான் தெற்கைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தால் மனுஷன் என்ன செய்வான்?

இன்னொன்று. நீ பெங்குவின்களோடு நிற்கும் பழைய படத்தைச் சலூனில் காட்டினேன். பெங்குவின் இருக்கும் இடத்தில் நீங்கள் சொன்ன பனிக்கரடி இருக்காதே என்று சலூன்காரர் கத்தரியை நிறுத்திக் கேட்டார். நம் பெண்ணோடு பழகிய கரடி இப்போது லீவில் போயிருக்கிறது என்று சமாளித்தேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் அதிகமாக வெட்டிவிட்டார்.

விளையாட்டு இருக்கட்டும். அக்கா உன் அறையைப் பெருக்கிவிட்டாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், கேட்கவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் பெருக்கினாள். காலையில் என்னைப் பார்த்ததும் விமானம் கிளம்பியாயிற்றா என்றுதான் கேட்கிறாள். நேற்று, பனிமூட்டம், ஒரு நாள் தாமதம் என்றேன். இன்று என்ன சொல்வது? நீ வரமாட்டாய் என்று சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்று படுத்துவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் உனக்காகக் காத்திருந்தே நாள் போய்விடும். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு இனியும் தள்ளிப்போட முடியாது என்றார், வால்வைப் பற்றி என்னை எதுவும் பேசவிடவில்லை. “ஒண்ணு கூட்டிட்டு வாங்க, இல்ல உண்மையச் சொல்லுங்க. ரெண்டும் முடியாதுன்னா அந்தக் கரடி கூடவே போய் இருங்க” என்கிறாள் உன் அத்தை.

எனக்குப் புத்தி குழம்பிக் கிடக்கிறது. வண்டி, வள்ளம், நாய் இழுக்கும் சறுக்குப் பலகை, எதுவுமே கிடையாதா? யோசித்து எழுது.

என்ன சொல்வதென்று தெரியாத,
மாமா

* * *

அன்பு மருமகளுக்கு,

சொல்லிவிட்டேன். உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. அக்காவுக்கு மூச்சு அதிகமாக வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். பயப்படாதே, உட்கார்ந்து பேசுகிறாள். இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். அந்த ஜன்னலை நான் ஒரு வார்த்தை சொல்லித்தான் வாங்கினேன். அது காலியாகத்தான் இருந்தது என்றாலும் சொன்னவன் நான்தானே.

நான் வார்டுக்குள் போன உடனே விமானம் என்னவாயிற்று என்றாள். வட துருவம் இல்லை அக்கா, தென் துருவம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. “நேத்து வரைக்கும் வடக்குன்னே, ராத்திரியோட ராத்திரியா இடத்தை மாத்திட்டாங்களா” என்றாள். விளக்க ஓர் உருண்டை வேண்டியிருந்தது. அந்த வார்டில் என் தலையைவிட நல்ல உருண்டை கிடையாது. கட்டில் பக்கத்து விளக்கைச் சூரியனாக வைத்துக்கொண்டேன். உச்சந்தலை வடக்கு, மோவாய்க்கு அடி தெற்கு. பூமி கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்று நீ எழுதியிருந்தாயே, அதன்படி தலையை விளக்கின் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினேன். பக்கத்துக் கட்டில் அம்மாள், “பூமிக்கு மீசை உண்டாண்ணே” என்று கேட்டார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் எதையும் பொருட்படுத்தவில்லை. உச்சந்தலையில் எந்நேரமும் வெளிச்சம் படுகிறது பார், அதுதான் ராத்திரியே இல்லாத வடக்கு என்று காட்டினேன்.

உன் அம்மா சிரிக்கவில்லை. கையை நீட்டி என் மோவாய்க்கு அடியில் தொட்டாள். “அவ இருக்கிறது இங்கயா” என்றாள். ஆமாம் என்றேன். “நீ எப்படிச் சுத்தினாலும் இங்க வெளிச்சமே படலையே” என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை பார். வடக்கே பகலாக இருந்தால் தெற்கே இருட்டு. உன் கடிதத்திலும் இருந்தது. விமானம் வராததற்குக் காரணமாகத்தான் அதைப் படித்தேன். நீ அந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாய் என்று படிக்கவில்லை.

எத்தனை நாளாக இருட்டு என்று கேட்டாள். பல வாரமாக என்றேன். ஏதாவது சேர்த்துச் சொல்லலாமா என்று பார்த்தேன், வாய் வரவில்லை. நிலையத்துக்குள் விளக்கு உண்டு, ஆட்கள் உண்டு என்று மட்டும் சொன்னேன். அவள் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. “சின்னதுல குளியலறைக்குப் போனாக்கூட நான் கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா உள்ளேருந்து அழுவா. இருட்டுல அவளுக்குக் குரல் கேக்கணும்” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்றாள்.

எனக்கு வெளியே போவதா உட்காருவதா என்று தெரியவில்லை. தலையை மட்டும் நேராக வைத்துக்கொண்டேன்.

டாக்டரைக் கூப்பிடு என்றாள். அவரிடம், எப்போது செய்தாலும் சரி, சீக்கிரம் செய்யுங்கள் என்று தானே சொன்னாள். “அவ வர்றப்போ நான் எழுந்து நடக்கணும், வந்ததும் என்னைப் படுக்கையிலயா பாக்கறது” என்றாள். வியாழக்கிழமை காலை என்று முடிவாகியிருக்கிறது. டாக்டர் தேர்ந்த கைக்காரர். பிழைக்காதவர்களையும் பிழைக்கவைத்தவர் என்று சொல்ல வந்தேன், அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல டாக்டர் என்று சொல்கிறார்கள். வயதையும் உடம்பையும் பார்த்தால் ஆபத்து கொஞ்சம் உண்டு என்று அவரே சொன்னார். அதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று நேற்றெல்லாம் குழம்பினேன். எழுதிவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ என் போனில் கூப்பிட்டாய். நான் எடுப்பதற்குள் அவள் என் கையிலிருந்து பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். உன் குரல் எனக்கே கேட்டது. மாமா, மாமா, கேட்கிறதா என்று கேட்டாய். அவள் வாயைத் திறந்தாள். இத்தனை நாள் பேசாதவளுக்கு எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. நீ இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாய், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். போனை அவள் உடனே திருப்பித் தரவில்லை. “குரல் கம்மியிருக்கு, சளி பிடிச்சிருக்கு அவளுக்கு” என்றாள்.

வியாழக்கிழமைக்கு முன்னால் மறுபடியும் கூப்பிடம்மா. எந்த நேரமானாலும் சரி, போன் அவள் தலையணை பக்கத்திலேயே இருக்கும். நான் பக்கத்தில் நின்றாலும் வாயைத் திறக்கமாட்டேன், இது சத்தியம். நீ எடுத்த கல்லைப் பற்றிச் சொல், சாப்பிட்டதைச் சொல், எதையாவது சொல்லிக்கொண்டே இரு. எதிர்ப்பக்கம் பேச்சு வராமல் வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டால், இந்தத் தடவை வைத்துவிடாதே. அது உன் அம்மா.

உன் மாமா