நான் கம்ப்யூட்டராக உட்கார்ந்த மாலை

அன்புள்ள பாப்பு,

இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முதுகுவலியைத் தவிர, அதுவும் வேலை நாட்களில் மட்டும்தான் வருகிறது. நீயும் சௌக்கியம் என்று நம்புகிறேன், போனில் ஒரே மூச்சில் ‘நல்லா இருக்கேம்மா’ என்று சொல்லிவிட்டு வைக்கிறாயே அந்தச் சௌக்கியம் இல்லை, நிஜமான சௌக்கியம். இருமல் விட்டதா? ராத்திரி தலையை ஈரமாக வைத்துக்கொண்டு படுக்காதே. உன் அறைத்தோழி உன் துணியையும் சேர்த்து மடித்து வைக்கிறாளாமே, நல்ல பெண், அவளோடு சண்டை போட்டுவிடாதே. இங்கே எல்லோரும் படுத்தாயிற்று, நான் சாப்பாட்டு மேஜையில் உன் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், ‘ஒண்ணுமில்லடா, எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு’ என்று பாதியில் புளுகிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம், காகிதங்களோடு ஒரே கவரில் வருகிறது.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். உன் வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்தவள் நான், எனக்கே உன் குறிப்புத் தாள் விளங்க இரண்டு டீ ஆயிற்று. நம் கட்டிடத்துச் சலவை அறையில் இருக்கிற ஒரே வாஷிங் மெஷினுக்காக எல்லா மாடியும் அடித்துக்கொள்கிறதே, அதற்கு நேரம் பதிவு செய்ய நீ ஒரு ஆப் யோசித்திருக்கிறாய். ஆப் இன்னும் இல்லை, அதன் ஒவ்வொரு திரையையும் ஒரு காகிதத்தில் வரைந்திருக்கிறாய். ஒருவர் காகிதத்தை விரலால் தொடுவார், எதைத் தொட்டாரோ அதற்குரிய அடுத்த காகிதத்தை எதிரில் இருப்பவர் எடுத்து வைப்பார், எதிரில் இருப்பவர்தான் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, உதவவே கூடாது. தொடுகிறவர் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறினால் குற்றம் அவர்மேல் இல்லை, காகிதத்தின்மேல். சரிதானே? ஹாஸ்டல் தோழிகள் எல்லோரும் சுலபமாகச் செய்துவிட்டார்கள், ஆனால் நீ வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களை வைத்துச் செய்தது செல்லாது, பார்த்தே இராதவர்களை வைத்துச் செய் என்று உன் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதுவும் சொதப்பினால் படிப்பே வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. அப்பா போனை வைத்த கையோடு வந்து சொல்லிவிட்டார், அவர் வாயில் எது தங்கும்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் அரைத் தூக்கம்தான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்தேன். ‘நாளை மதியம் இரண்டு மணிக்கு மெஷினைப் பதிவு செய்யுங்கள்’ என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன், அதற்குமேல் வாயை மூடிக்கொண்டேன். மனதில் ஓடுவதைச் சொல்லலாம் என்றதுதான் தாமதம், அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து ஓடியதையெல்லாம் எடுத்துவிட்டார். ‘இது எந்த நாள்னு கேக்குது, நாளைக்குத்தான், தொட்டாச்சு. துணின்னதும் ஞாபகம் வருது, என் நீலச் சட்டை எங்க? போன வாரமே போட்டேன். கேட்டா பதில் வராது, ஏன்னா இப்ப இவ கம்ப்யூட்டராம்.’ எனக்கு நாக்கு அரித்தது, இருந்தாலும் பேசவில்லை. இரண்டு மணிக் கட்டத்தைத் தொட்டார், அந்தக் கட்டம் பச்சையாக இருக்கிற காகிதத்தை வைத்தேன், ‘ஆச்சு’ என்று சோம்பல் முறித்தார். நானும் ‘பதிவாகிவிட்டது’ என்று எழுதி நீ ஒரு சிரிக்கிற சட்டையை வரைந்திருந்த காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, முதல் ஆள் வெற்றி என்று அவர் தாளில் எழுதிவிட்டேன்.

அத்தை டியூட்டி முடிந்து வந்து பிஸ்கட் தின்றுகொண்டே உன் குறிப்புத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் இல்லையா, மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரிதான் எதையும் படிப்பாள். ‘அண்ணி, பச்சைப் பேப்பர்ல மேல் மூலையில இருக்கிற டிக் குறியைத் தொட்டாத்தானே பதிவாகும்? அண்ணன் அதைத் தொடவே இல்லையே, நீங்களா எதுக்குப் பேப்பரை மாத்துனீங்க?’ என்றாள். அவர் முடித்துவிட்டதாக நினைத்தது எனக்குத் தெரிந்ததே, அதனால் மாற்றினேன் என்றேன். ‘அண்ணன் நினைச்சது உங்களுக்குத் தெரியும், போனுக்கு எப்படித் தெரியும்? போன் என்ன அண்ணனைக் கட்டிக்கிட்டுக் குடும்பமா நடத்துது?’ என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, ‘விடேன், வெற்றின்னே இருக்கட்டும். புள்ள அங்க தனியாக் கிடக்கு, இதுக்கும் அழணுமா?’ என்றார். நான் கூடவே கூடாது என்றேன். பொய் சொல்கிறேன், சரி என்றுதான் சொன்னேன்.

ஆனாலும் அத்தை விடவில்லை, என்னை அங்கேயே வேலையிலிருந்து தூக்கிவிட்டுத் தானே கம்ப்யூட்டராக உட்கார்ந்துகொண்டாள். தரைத்தளத்துத் தையல்காரர் அப்பாவின் கால்சட்டையை நீளம் குறைத்துக் கொண்டுவந்தார், அவரைப் பிடித்து உட்கார வைத்தோம். என் கண் தானாக அந்த டிக்குக்குப் போய்விடுமாம், அதனால் நான் சமையலறைக்குள்தான் நிற்க வேண்டும் என்று அத்தை உத்தரவு. அவரும் அதே மாதிரி நாளைத் தொட்டார், இரண்டு மணியைத் தொட்டார், பச்சை வந்தது, ‘முடிஞ்சுதுங்க’ என்று கையைக் கட்டிக்கொண்டார். அத்தை ஊசி போடப் போகிற முகத்தோடு அசையாமல் இருந்தாள். அவர் காகிதத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பாவம் களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறது என்று நினைத்தாரோ என்னவோ, சத்தம் போடாமல் எழுந்து டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். டிக் ஒன்று இருப்பதையே அவர் பார்க்கவில்லை. நான் ஃபிரிட்ஜ் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், இன்னும் கொஞ்சம் போனால் கையோடு வந்திருக்கும்.

வேடிக்கை இதற்குமேல்தான். மறுநாள் மதியம் கீழேயிருந்து ஒரே கூச்சல், என்னைக் கூப்பிட்டு ஆள் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், சலவை அறையில் தையல்காரர் யாரோ வாடிக்கையாளரின் திரைச்சீலைகளைக் கூடை நிறைய வைத்துக்கொண்டு நிற்கிறார், மெஷினுக்குள் நாலாம் மாடி நீச்சல் டீச்சரின் துண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ‘ரெண்டு மணி என்னோடது, நேத்தே பதிவு பண்ணிட்டேன், அந்தம்மாவையே கேளுங்க’ என்கிறார் அவர். ‘எதுல பதிவு பண்ணீங்க?’ என்று டீச்சர் கேட்கிறார், அவர் குரலைத்தான் உனக்குத் தெரியுமே, குளத்தின் அந்தக் கரைக்கே கேட்கும். ‘பேப்பர்லதான்’ என்கிறார் இவர். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது என் பெண்ணின் பாடத்துக்கான வெறும் ஒத்திகை, நிஜ மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன், ஒத்திகையிலும் உங்களுக்குப் பதிவாகவில்லை என்று சேர்த்து உளறிவைத்தேன். அவருக்குக் கோபமே இல்லை, ஆச்சரியம்தான். ‘பச்சை ஆயிடுச்சேம்மா, அப்புறமும் என்ன பாக்கி இருக்கு?’ என்று கேட்டார். டீச்சர் சிரித்துவிட்டார், துண்டு முடிந்ததும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று வழிவிட்டார்.

மாடியேறி வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது பாப்பு. அப்பா பேச்சைக் கேட்டு முதல் தாளை வெற்றி என்றே அனுப்பியிருந்தால், நீயும் அப்படியே ஆப்பைச் செய்திருந்தால், இந்தக் கட்டிடத்தில் தினமும் இரண்டு மணிக்கு ஒரு கூடையும் ஒரு சண்டையும் நடக்கும், எல்லோரும் அந்தத் தையல்காரரைத்தான் விவரமில்லாதவர் என்பார்கள். அதனால் ‘வெற்றி’யை அடித்துவிட்டேன். ‘டிக்கைத் தொடவில்லை, கம்ப்யூட்டர் ஏமாற்றியது’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். தையல்காரர் தாளில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். எப்படித் திருத்தலாம் என்று எனக்குச் சில யோசனைகள் உண்டு, பார்த்ததை மட்டும் எழுது, வைத்தியம் சொல்லாதே என்று நீ கண்டித்திருப்பதால் எழுதவில்லை, அந்தப் பச்சை கொஞ்சம் அவசரப்படுகிறது என்பதைத் தவிர.

உன் ஆசிரியரின் நம்பரைத் தேடி எடுத்துவிட்டேன், பெண் பயப்படுகிறாள், கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்ல. போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அதுவும் நான் காகிதத்தை மாற்றி வைக்கிற வேலைதான் என்று தோன்றியது. வருகிற திங்கட்கிழமை நீயே போய், இரண்டு பேர் செய்தார்கள், இரண்டு பேருக்குமே வரவில்லை, இங்கேதான் நின்றார்கள் என்று சொல். வீட்டுக்கு வர வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் வா, உன் கட்டிலில் அப்பா போட்டிருக்கிற பழைய பேப்பரையெல்லாம் எடுத்துவிடுகிறேன். ஆனால் இந்த இரண்டு தாளுக்காக வராதே. அவர்கள் தோற்கவில்லை, காகிதம்தான் தோற்றது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. அவர்கள் தோற்கவில்லையென்றால் நீ மட்டும் எப்படித் தோற்றவளாவாய்? காகிதம்தானே கண்ணு, வேறே வரைந்துகொள்ளலாம், அதற்காகத்தானே முதலில் காகிதத்தில் செய்யச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, நீச்சல் டீச்சர் அடுத்த காகிதத்துக்குத் தானே உட்காருகிறாராம். டிக்கைப் பற்றி அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், ‘அப்படி என்னதாங்க தப்பாப் போச்சு?’ என்று துருவுகிறார், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிரசவ வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இது முடியவில்லை, சீக்கிரம் வரைந்து அனுப்பு. அந்த வாரம் வியாழக்கிழமை அத்தையின் பிறந்தநாள், மறக்காமல் காலையிலேயே கூப்பிடு, இல்லாவிட்டால் அந்த ஊசி முகத்தை நான்தான் பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிடு, தைரியமாகப் போ, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், கொஞ்சம் தாமதமாகத் துலங்கினாலும் பரவாயில்லை.

ஆயிரம் முத்தங்களுடன்,
கம்ப்யூட்டர் வேலை பறிபோன
உன் அம்மா