ஆத்தாளுக்கு வைத்த மாவு

ஆடி, திங்கட்கிழமை. இரவு.

வத்தல்மலைக்கு அரிசி ஏற்றிவந்த ரேஷன் வண்டியை, நிதி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். வண்டி மலையேறும்வரை சாப்பிட மாட்டேன் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் காலையில் உட்கார்ந்தேன். மனு எழுதியே சலித்த கை இது. மலைப் பெண்களையும் என்னோடு உண்ணாவிரதம் இருக்கச் சொல்லியிருந்தேன்.

அவர்களில் ஒருத்தி, மாதம்மா, சிரித்துவிட்டாள். "பட்டினியா? அத வூட்டுலயே கெடக்கறமுங்கண்ணா. அதுக்கு பஸ்சு ஏறி வரணுங்களா?"

அவர்கள் கொண்டுவந்தது ஓர் அண்டா கூழ். மனுவோடு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். விரட்ட வந்த போலீஸ்காரருக்கும் ஒரு சொம்பு. "குடிச்சிட்டு வெரட்டுங்க சார்."

அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். அவர் கையிலும் ஒரு சொம்பு கொடுத்தார்கள். "ஊருக்கே ஊத்தறீங்க, உங்களுக்கு என்னம்மா பஞ்சம்?"

"மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்த வூட்டுக்கு ஒரு கை எடுத்து வெச்ச மாவுங்க சார். ராகி இன்னும் காட்டுல பச்சையா நிக்குது. இந்த அண்டா காலியானா அவளுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல" என்றாள் மாதம்மா.

அவர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கேயே நின்று போன் செய்தார். இந்த வாரம் மட்டும் வண்டி போகுமாம். இந்த வாரம் மட்டும்! நான் விடப்போவதில்லை.

ஆனாலும், சாமிக்கு வைத்ததை எடுத்துப் போலீசுக்கு ஊற்ற எப்படி மனம் வந்தது அவர்களுக்கு?

கடைசியில் மாதம்மா அண்டாவை வழித்து என்னிடம் நீட்டினாள். "குடிங்கண்ணா. அடுத்த வாரம் சண்ட போடத் தெம்பு வேணுமில்ல." வண்டி இன்னும் ஏறவில்லை. என் விரதமும் முடியவில்லை. இருந்தும் குடித்தேன்.

நாக்கில் அந்தப் புளிப்பு இன்னும் இருக்கிறது. வாய் கொப்பளிக்க மனமில்லை.