இல்லாத வலையை இழுத்தோம், மச்சான்

போர்வை முழுக்கப் புகை நாற்றம் அடிக்கிறது, மச்சான். தேங்காய் மட்டையும் காய்ந்த வேப்பிலையும் சேர்ந்து கருகும் அந்த நாற்றம் உனக்கு எப்படிப் பிடிக்காதோ அப்படியே எனக்கும் பிடிக்காது. மார்கழி பிறந்த அன்று மருமகள் ஒரு கணப்புச் சட்டியைக் கொண்டுவந்து என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று நினைத்துத்தான் வைத்தாள். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த பெண், நம் குப்பத்தின் வழக்கம் அவளுக்கு முழுக்கத் தெரியாது. பயந்துபோனது நான்தான்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். சொன்னாலாவது பயம் கொஞ்சம் இறங்குகிறதா பார்க்கலாம். நம் குப்பத்தில் ஒரு கிழவன் பாய்க்குப் பக்கத்தில் கணப்பு வந்துவிட்டால், மறுநாள் விடியலில் கரைவலை இழுக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டு போகிறவர்கள் அவன் வாசலில் நிற்க மாட்டார்கள். யாரும் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு இல்லை. மரியாதை என்றுதான் செய்கிறார்கள். பெரியவர் இழுத்தது போதும், கதகதப்பாகக் கிடக்கட்டும் என்கிறார்கள். கிழவனும் கிடக்கிறான். முதலில் உட்கார்ந்து காய்கிறான், பிறகு படுத்துக்கொண்டு காய்கிறான், பிறகு சட்டியைச் சுற்றிச் சுருண்டுகொள்கிறான். அப்படிச் சுருண்டவர்களில் தை பிறந்ததும் எழுந்து கரைக்கு வந்தவர் என்று ஒருவரை என்னால் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உன் பாய்க்குப் பக்கத்தில் உன் மகன் சட்டியை வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடி வந்தேன். நீ சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு, ஆட்டுக்குத்தான் குளிர் அதிகம் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அவன் போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாய். அதுவரை நீ குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"எங்க நைனா இப்டித்தான் சட்டிய கட்டிக்கினு படுத்தாரு மாப்ள. மடக்கின காலு அப்பறம் நீட்டவே வரல. பாடையில வெக்கசொல்ல கூட மடங்கித்தான் கெடந்துச்சு. நாலு பேரு அமுக்கினாங்க. நான் பாத்துக்கினு நின்னேன்" என்றாய்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. என் முழங்கால்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததா? உன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்த அன்றே கல்யாணப் பந்தலில் அதைச் சொல்லிச் சிரித்தவன் நீ.

மறுநாள் ஒல்லாந்தர் கோட்டையில் விடியலுக்குப் பீரங்கி வெடி போடுவதற்கு முன்பே என் வாசலில் வந்து நின்றாய். தலையில் துண்டைச் சுற்றிக் காதை மூடியிருந்தாய், கையில் ஒரு கலயம் சூடான கஞ்சித் தண்ணீர். குடித்துவிட்டு வா, வெறும் வயிற்றோடு பனியில் இறங்கக் கூடாது என்றாய். அலை வந்து போன ஈர மணலில்தான் நடக்க வேண்டும், காய்ந்த மணல் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் என்றாய். முதல் நாள், மணலில் ஏற்றி வைத்திருந்த படகுகள் வரைக்கும் போனோம். அவ்வளவுதான். அதற்கே எனக்கு மூச்சு இரைத்தது. அங்கே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி மெதுவாக எழச் சொன்னாய். என் முட்டிகள் போட்ட சத்தத்தைக் கேட்டு, படகுதான் முறிகிறது என்று திரும்பிப் பார்த்தாய், படுபாவி. திரும்பி வந்ததும் சுறா எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தோம். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

சில நாளில் முகத்துவாரம் வரைக்கும் போய் வரத் தொடங்கினோம். ஒரு காலையில் வழியில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நம் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. கயிற்றின் வாலில் போய் நின்றோம். உன்னிடமே இழுக்கப் பழகிய பையன் ஒருவன், இப்போது மீசை நரைத்தவன், "நீங்க ஒக்காருங்க பெரியவரே" என்று உன் கையிலிருந்து கயிற்றை மெல்ல வாங்கிக்கொண்டான். எத்தனையோ வருஷம் அந்த வலைக்கு மண்டாடியாக முன்னால் நின்று அம்பா பாடினவன் நீ. உன் பாட்டுக்குத்தான் அத்தனை பேரும் கால் மாற்றி இழுத்தார்கள். விறுவிறுவென்று நடந்து, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாய். கடலைப் பார்த்துத் திரும்பினாய். காற்றைக் கையால் பற்றி இழுத்துக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தாய்.

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நீயோ, "புடி மாப்ள, கயிறு போவுது" என்றாய்.

பிடித்தேன். வேறு என்ன செய்வேன்? இல்லாத கயிற்றைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, கடலைப் பார்த்தபடி மேட்டு மணல் வரைக்கும் பின்னாலேயே நடந்தோம். அங்கே விட்டுவிட்டு இறங்கி வந்து மறுபடி தண்ணீர் ஓரத்தில் பிடித்தோம். தோள், முதுகு, தொடை எல்லாம் வேலை செய்தன. கனம் மட்டும் இல்லை. கனம் இல்லாததால் வலியும் இல்லை. மீன் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "இன்னா மாமா, இன்னிக்கு சுறாவா, சென்னாகுனி எறாவா?" என்று கேட்டாள். உன் புருசன் வலையில் வராததெல்லாம் இதில் வருகிறது என்று நீ சொன்ன பதிலில் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு மார்கழி அப்படிப் போயிற்று. படகில் ஏற எனக்குக் கை கொடுக்க வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஆனாலும் பயம் என்னை விடவில்லை. ஒரு நாள் மணலில் சாத்தி வைத்திருந்த சலங்குப் படகின் நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தோம். வாலிப வயதில் நாம் இதே மாதிரி சலங்கில் ஒல்லாந்தர் கப்பலிலிருந்து சமாதிக் கல்லை இறக்கினதைப் பற்றிப் பேச்சு வந்தது. எலும்புக்கூடு செதுக்கிய கல். அதன் ஒரு முனையை என் தோளில்தான் தாங்கினேன். அலையில் படகு ஆடும்போதெல்லாம் அந்த மண்டையோடு என் காதோடு வந்து முட்டிற்று. அன்றைக்கு வந்த காய்ச்சல் தீர வேப்பிலை அடிக்க வேண்டியிருந்தது. நீ அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து துடுப்புப் போட்டவன். அதனால் கேட்டேன், உனக்குப் பயமே கிடையாதா என்று.

நீ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இல்லாமயா? சாவறதுக்கு இல்ல மாப்ள. மடங்கினு கெடக்குறதுக்குதான். காலைல என்னிய எழுப்புறது கோட்டை வெடின்னு நெனச்சியா? அந்த பயம்தான்."

எனக்கு அதைக் கேட்டு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நீயே பயப்படுகிறாய் என்றால் நான் எந்த மூலைக்கு என்று இன்னும் கலங்கிப்போனேன்.

போன மார்கழியைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியாது. அன்றைக்கு மூடுபனி. கப்பல்களின் பாய்மரம்கூடத் தெரியவில்லை. முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், நாம் எப்போதும் இழுக்கும் இடத்தில், சிறிது நேரம் இழுத்ததுமே நீ தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாய். நானும் உட்காரப் போனேன். வேர்த்த உடம்போடு நின்றால் குளிர் பிடித்துக்கொள்ளும், நீ இழு, நான் பாடுகிறேன் என்றாய். சரி என்று இழுத்தேன். நீ கடலைப் பார்த்து உட்கார்ந்து பாடினாய். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். பாதி மணல் ஏறியிருப்பேன், பாட்டு நின்றது.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அப்போதே ஓடி வந்திருப்பான். நான் வலை இழுத்து வளர்ந்தவன். மீன் சேர்கிற வலையின் மடி அலை உடையும் இடத்துக்கு வந்ததும் மண்டாடி பாட்டை நிறுத்துவான். நிறுத்தினால் மீன் தப்புகிற நேரம், எவனும் பேசக் கூடாது, கையை விடக் கூடாது, உள்ள பலத்தையெல்லாம் போட்டு இழுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து எலும்பில் ஊறிய பழக்கம். இல்லாத வலைக்கும் மடியைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று எனக்குச் சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தம் போடாமல், மேட்டு மணல் வரைக்கும் இழுத்தேன். அப்புறம்தான் இறங்கி வந்து, இன்றைக்கு என்ன மீன் மச்சான் என்று கேட்டேன்.

துண்டு தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. அலை வந்து உன் பாதத்தை நனைத்துவிட்டுப் போயிற்று. கால் இரண்டும் நேராக நீட்டியே இருந்தன, மச்சான். அதை உனக்குச் சொல்லத்தான் இந்த ஒரு வருஷமாகத் தவிக்கிறேன். நீ பயந்தது நடக்கவில்லை. யாரும் உன் காலை அமுக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் வேறு மாதிரி சொல்லிற்று. பனியில் நடந்துதான் செத்தான், கிழவனுக்கு எதற்கு இந்த ஆட்டம் என்றார்கள். என் மகன் சண்டையே போட்டான். இனிமேல் கரைப்பக்கம் போனால் நான் சாப்பிட மாட்டேன் என்று சபதம் வேறு. உண்மையைச் சொன்னால் அவன் தடுத்திருக்கவே வேண்டாம். எனக்கே அந்தப் பக்கம் போகப் பயம். நடந்தால் உன்னை மாதிரி, படுத்தால் உன் நைனா மாதிரி. இரண்டில் எது வேண்டும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? சுவரோரமாக உட்கார்ந்தே ஒரு வருஷத்தை ஓட்டினேன். படகில் தானே ஏறிய ஆள், சுவரைப் பிடிக்காமல் எழ முடியாதவனாக ஆனேன். பிறகு மார்கழி பிறந்தது, சட்டியும் வந்தது.

சட்டி வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, காலையில் விழித்தபோது வலது கால் நீட்ட வரவில்லை. மடங்கியபடியே கிடந்தது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கினேன். நான் அமுக்குவதை நானே பார்த்தபோது உன் நைனாவின் பாடை கண்ணில் வந்து நின்றது. கத்திவிட்டேன். மருமகள் ஓடி வந்து காலைத் தேய்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நீண்டுகொடுத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்: உன் நைனா கதை, சட்டி வழக்கம், பாட்டு நின்றது, நான் இழுத்தது. கேட்டுவிட்டு அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்தாள். ஆனாலும் என்னை நடக்க விட அவளுக்கு மனமில்லை.

"நீயும் அங்கியே ஒக்காந்துட்டா நான் இன்னா பண்றது மாமா? எனக்கு பயமா இருக்குது" என்று அழுதாள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் அழுதோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே ஒரு வழி சொன்னாள். நான் நடக்கும்போதும் இழுக்கும்போதும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் முற்றத்தில் கருவாடு காய வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். கணவனை அவளே சமாதானம் செய்துகொள்வாள்.

நான் பாடுவதா! வலையில் என் குரல் எழும்பினால் மீன் ஓடிவிடும் என்று நீதான் என்னை வாயை மூடச் சொல்லுவாய். இருந்தாலும் பாடினேன். முதல் நாள் படகுகள் வரைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி. ஏலேலோ என்று நான் கத்துவதைக் கேட்டு அந்தக் கூடைக்காரி, மாமாவை யாரோ அடிக்கிறார்கள் என்றாளாம். சிரிக்கட்டும். காதில் என் குரல் விழும் வரைக்கும் நான் இருக்கிறேன் என்று எனக்கே ஒரு தைரியம்.

இன்று காலை நீ உட்கார்ந்த இடத்துக்கு வந்துவிட்டேன். முற்றத்துக்குக் குரல் எட்டும் கடைசி இடமும் அதுதான். மூன்று நாளாக அதற்கு முன்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கால் நிற்கவில்லை. அந்த மணலில் கால் பட்டதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. நெஞ்சுவலியா துக்கமா என்று தெரியவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். குரல் வரவில்லை. ஆயிற்று, இவ்வளவுதான் என்று நினைத்தேன். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் மணலில் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் மருமகள். சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, முடி அவிழ்ந்து, கையெல்லாம் மீன் செதிலோடு, வாழ்க்கையில் அப்படி ஒருத்தி எனக்காக ஓடி வந்து நான் பார்த்ததில்லை. வந்து என் கையைப் பிடித்த பிறகுதான் நின்றாள். ஒன்றுமில்லை, அழுகை வந்து குரல் அடைத்துக்கொண்டது என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவளுக்குப் பேச மூச்சு இல்லை. கொஞ்சம் பொறுத்து, "பாடு மாமா" என்றாள்.

பாடினேன். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், மச்சான். நாளைக்கும் அது என்னோடுதான் எழுந்திருக்கும், என்னோடுதான் நடக்கும். வீடு வந்து சேரும் வரைக்கும் நான் பாட்டை நிறுத்தவில்லை, அவள் என் கையை விடவில்லை.