பன்னிரண்டாவது குஞ்சு

ஜூன் 4

அக்காவுக்கு,

சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், ஒரு ஜீவனைத் தவிர. அந்த ஒரு ஜீவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் படித்துத்தான் தீர வேண்டும்.

நீ பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய பெட்டி முந்தாநாள் வந்தது. அம்மா போன பிறகு இரண்டு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், கேட்காமலே பன்னிரண்டு கோழிக்குஞ்சு அனுப்புகிறாளே என்று திகைத்துப் போனேன். அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். வெயிலில் பச்சை உயிர்களை அலைக்கழித்தால் அந்தப் பாவம் என்னைச் சேருமே என்று வைத்துக்கொண்டேன். அன்றே ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு நோட்டில் எழுதினேன். பதினொன்று ஓடியாடுகின்றன. பன்னிரண்டாவதுக்குக் கால் நிற்கவில்லை. இரண்டு காலும் இரண்டு பக்கம் விலகிப்போய், வயிற்றால் தவழ்கிறது. மற்றவை அதன் முதுகில் ஏறித் தீனிக்குப் போகின்றன.

இருபது வருடமாகக் குஞ்சுப் பண்ணை நடத்துகிறவள் கண்ணில் இது படவில்லையா? பட்டிருக்கும். "இத அவ தலைல கட்டிடலாம், படுத்தவங்களப் பாத்து அவளுக்குத்தான் பழக்கமாச்சே" என்று நினைத்திருப்பாய். இவர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா அனுப்பினதுதானே? கூப்பிட்டா நடந்து வராதது அந்த இடத்துக்கே வழக்கம்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கை

ஜூன் 5

தங்கச்சிக்கு,

டிரைவர் கடிதத்தைக் கொடுத்தார். முழுதும் படித்தேன்.

பன்னிரண்டும் நின்ற பிறகுதான் பெட்டியில் வைத்தேன். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் நிறுத்திப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. பண்ணையில் இப்படி ஒன்று படுத்துவிட்டால் கழுத்தைத் திருகிவிடுவோம். உனக்கு மனசு வராது. அதனால் கேட்கிறேன். என்ன தீனி போடுகிறாய்? எதில் வைத்திருக்கிறாய்? அடியில் என்ன விரித்திருக்கிறாய்? கடைசிக் கேள்விக்கு மறக்காமல் பதில் எழுது.

மாப்பிள்ளை சொன்னதற்கு நான் சிரித்தேன்.

அக்கா

ஜூன் 6

அக்கா,

கழுத்தைத் திருகுவாயா! அதைப் பேனாவால் எழுத உன் கை கூசவில்லை. படுத்துவிட்டது எதுவானாலும் உனக்கு அது பாரம்தான்.

நீ கேட்டதற்குப் பதில் என் நோட்டில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கரு, பொடியாக நொறுக்கி விரல் நுனியில். எட்டு மணிக்குக் கால்நடை மருந்துக்கடைக்காரர் தந்த சத்து மருந்து, மூக்கில் ஏறாமல் அலகின் ஓரமாக இரண்டு சொட்டு. மணிக்கு ஒரு தரம் அலகைத் தண்ணீரில் தொட்டுவிடுகிறேன். சூட்டுக்குப் பல்பு, மற்றவை மிதிக்காமல் இருக்க நடுவில் அட்டைத் தடுப்பு. "இத எழுப்பி விட்டுடு" என்று ஒவ்வொரு வேளையும் சாமியைக் கேட்கிறேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

விரிப்பையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசைக்கு வாங்கிய பிளாஸ்டிக் விரிப்பு, புதுசு. எச்சம் பட்டால் ஈரத்துணியால் ஒரே இழுப்பு, முகம் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஆறு முறை துடைக்கிறேன். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். குஞ்சு நிற்காததற்கு நீ என் விரிப்பில் குற்றம் தேடுகிறாய்!

சுத்தத்தில் என்னைக் குறை சொன்னவர் இல்லை. அம்மா இந்தக் கூடத்தில் விழுந்து, இடுப்பு முறிந்து, நாலு வருடம் படுக்கையில் கிடந்தாள். ஒரு படுக்கைப் புண் வரவிட்டேனா? எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினேன் என்று ஏழு நோட்டு இருக்கிறது. அந்த நாலு வருடத்தில் நீ வந்தது ஒன்பது நாள். அதுவும் இருக்கிறது. முதல் தரம் வந்தபோது ஒரு சணல் விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாய். எழுந்திருக்கவே முடியாதவளுக்கு விரிப்பு! நான் அதைக் கொட்டகையில் வீசினேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வந்த ஒன்பது நாளும் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே அம்மாவின் அறைக்குப் போனாய். அரைமணியில் கிளம்பினாய். என் வீட்டுத் தரையை மிதிக்கக்கூட உனக்கு மனசில்லை.

இதற்கும் பேசாமல் இருந்துவிடு. அது உனக்குக் கைவந்த கலை.

தங்கை

ஜூன் 7

தங்கச்சிக்கு,

குஞ்சுக்கு நோய் இல்லை, வழுக்கல்தான். வழவழப்பில் நிற்கப் பார்க்கும்போதெல்லாம் கால் விலகும். விலகி விலகி அப்படியே படிந்துவிடும். மற்ற பதினொன்றும் பெட்டி ஓரத்தை ஒட்டி நின்று தப்பித்திருக்கும். இது கடைசியாகப் பொரிந்ததாக இருக்கும், பலம் குறைவு.

பிளாஸ்டிக்கை உடனே எடு. கொட்டகையில் கிடக்கிறது என்றாயே, அந்தச் சணல் விரிப்பை வெயிலில் உதறி ஒரு துண்டு வெட்டிப் போடு. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை மெல்லிய பட்டையாகக் கிழித்து இரண்டு காலையும் சேர்த்து வளையமாகக் கட்டு. நடுவில் உன் கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். இறுக்காதே. முதல் நாள் விழும், நீ தூக்கி நிறுத்து.

சுத்தமாக இருக்கட்டும் என்றுதானே செய்தாய். அதற்கு மேல் யோசிக்காதே.

அக்கா

ஜூன் 11

அக்கா,

பன்னிரண்டாவது எழுந்து நிற்கிறது. அந்தச் செய்தி முடிந்தது.

யோசிக்காதே என்றாய். அதனால்தான் யோசித்தேன்.

நேற்று அந்த வருடத்து வீட்டு நோட்டை எடுத்தேன். அம்மா விழுந்த நாள். "காலை 7, கூடத்துக்கு மெழுகு போட்டுத் தேய்த்தது, இரண்டு தரம்." அதற்குக் கீழேயே, "9.10, அம்மா கூடத்தில் கால் மடங்கி விழுந்தாள்." இரண்டும் என் கையெழுத்து. நடுவில் ஒரு வரிகூட இடைவெளி இல்லை. வயதான கால், தானாக மடங்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னதே நான்தான். ஆறு வருடமாக அந்தப் பக்கம் என் பீரோவில் இருக்கிறது. என்ன கணக்கு எழுதினேன் நான்!

முதல் தரம் வந்த அன்று வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாய். "என்னத்தப் பாக்கற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி" என்றாய். ஒன்றுமில்லையா? கூடம்தான் கோணல் என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். அதனால்தான் கக்கத்தில் விரிப்பு. அதனால்தான் சுவரோரம்.

அம்மாவைத் தூக்கிப்போன அன்று சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும், "உசிரோட இருந்தப்ப வராதவ இப்ப யாரப் பாக்க வந்தே?" என்று உன்னைக் கேட்டேன். தலை குனிந்து நின்றாயே, அப்போது வாயைத் திறப்பதற்கு என்ன? உன்னைத் தியாகம் செய்யச் சொல்லி யார் அழுதது? தினமும் சாமி முன்னால் நின்று, "அவ கல்நெஞ்சக்காரி, நீதான் அவள மன்னிக்கணும்" என்று உனக்காக வேண்டிக்கொண்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சாமி என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும்?

இதைச் சொல்லாமல் இருக்கத்தான் வராமல் இருந்தாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

தங்கை

ஜூன் 12

தங்கச்சிக்கு,

ஆமாம்.

விழுந்தாள் என்றதுமே உன் மெழுகுத் தரைதான் நினைவுக்கு வந்தது, அதனால்தான் விரிப்போடு வந்தேன். அன்று நீ வெந்நீர் எடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்து, "வழுக்கிடுச்சுன்னு அவகிட்ட சொல்லிடாத. தொடச்சவ அவதான், தாங்க மாட்டா" என்றாள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணிக்கு மேல் இருந்தால் உளறிவிடுவேன். அதனால் வருவதைக் குறைத்தேன். அம்மாவோடு இருக்க வேண்டிய நாளெல்லாம் அதில் போயிற்று. உனக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைக்காதே. அந்த நாலு வருடத்துக்கு எனக்கும் உன் மேல் கோபம் உண்டு. அம்மா மேல் அதைவிட.

கட்டி ஐந்து நாள் ஆகிவிட்டது. இன்றே அவிழ்த்துவிடு. அதற்கு மேல் கட்டி வைத்தால் கட்டே கெடுதல்.

அக்கா

ஜூன் 13

அக்கா,

கட்டை அவிழ்த்தேன். பன்னிரண்டாவது நாலடி சாய்ந்து சாய்ந்து நடந்தது. போய் முதல் வேலையாக ஏழாவதைக் கொத்தியது. அதன் முதுகில் அதிகம் ஏறினது ஏழுதான். நோட்டில் இருக்கிறது.

எனக்குக் கோபம் தீரவில்லை. அம்மாவும் நீயும் சேர்ந்துகொண்டு என்னை ஒன்றும் தெரியாதவளாக ஆக்கிவிட்டீர்கள். அம்மாவை இனிமேல் கேட்க முடியாது. அவள் பங்கையும் சேர்த்து உன்னைத்தான் திட்ட வேண்டும், அது கடிதத்தில் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை வா. அரைமணியில் கிளம்புகிற வேலையெல்லாம் வேண்டாம்.

குஞ்சுக்கு வெட்டியது போக மிச்ச விரிப்பைக் கூடத்தில் வாசலிலிருந்து போட்டிருக்கிறேன். அம்மாவின் அறைவரை எட்டுகிறது. சுவரைப் பிடிக்காமல் நடுவில் நடந்து வா.

தங்கை