தாத்தாவுக்கு ஏன் கோட்டுப் போட்டு அனுப்பல

இயேசு மரி சூசை

மேல் டிவிசன்,
கலுவெல்ல தோட்டம்,
எஹலியகொட.
22.10.2000

அன்பு மக துஷ்யந்திக்கு,

பெரியம்மா எழுதிக்கறது. ஆண்டவரு புண்ணியத்துல இங்க எல்லாரும் எழும்பி நடமாடிக்கிட்டு இருக்கோம், அந்த பெய்ரூட்டுல நீயும் கை கால் சொகத்தோட இருக்கணும்னு தெனமும் ஜெபமாலையில உனக்குன்னு ஒரு பத்து மணி தனியா சொல்றேன். உன் பெரியப்பாவுக்கு இருமல் கொறைஞ்சிருக்கு, ஆனா பீடிய விடல. உன் தம்பி சுமன் டிசம்பர்ல சோதனை எழுதணும், படிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு ரேடியோவுல கிரிக்கெட் கேக்கறான், நீ ஒரு வார்த்தை அவனுக்கு எழுதிப் போடு, என் பேச்ச கேக்கறதில்ல. மழை விட்டபாடில்ல, மாசத்துல பாதி நாள் ரப்பர் பால் வெட்டு கெடையாது, லயத்துக் கூரையும் நம்ம அடுப்புக்கு நேரா ஒழுகுது. தாத்தாவோட முப்பதாம் நாள் பூசை போன கிழமை நல்லபடியா முடிஞ்சிது, ஃபாதரே வந்து கல்லறைய மந்திரிச்சாரு.

அன்னைக்கு டெலிபோன்ல அழுதுகிட்டே கேட்டியே, சுமன் அனுப்புன சாவு வீட்டு போட்டோவ பாத்தேன், ஏன் பெரியம்மா தாத்தாவுக்கு அந்த காக்கிக் கோட்டைப் போடாம வெறும் வெள்ளச் சட்டையோட அனுப்புனீங்க, மெடல் கூட குத்தலயேன்னு. நான் ஒண்ணும் சொல்லாம போன வச்சிட்டேன்னு உனக்குக் கோவமா இருக்கும். பின்னால மூணு பேரு நிக்கறாங்க, கடைக்காரன் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கான், அங்க நின்னு சொல்ற கதையா மகளே அது. அதான் எழுதுறேன். மேடம் வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு ஒக்காந்து படி. இது நீ போயி மூணு மாசத்துல நடந்தது. பிள்ளைக்கு எழுதிறாத, அங்க தனியா கெடந்து அழும்னு தாத்தா சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப அவரும் இல்ல, சத்தியமும் முடிஞ்சிது.

அந்தக் கோட்டு என்னான்னு உனக்குத் தெரியும். இருவத்திமூணு வயசுல வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்து எகிப்துக்குப் போயி, நம்ம மாதாவும் சூசையப்பரும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுன அதே எகிப்துல, மூணு வருசம் மண்ணு வெட்டி பாலங்கட்டி ரெண்டு மெடலோட வந்தாரு. சண்டைக்குக் கூட்டிட்டுப் போறப்ப நீ எந்த நாட்டுக்காரன்னு ஒருத்தனும் கேக்கல, வந்து கொஞ்ச நாள்ல நீ இந்த நாட்டுக்காரன் இல்லன்னுட்டாங்க. நாப்பது வருசம் காயிதம் இல்லாத மனுசனா இருந்தாரு. அதுக்கெல்லாம் அவரு வாயத் தொறந்ததில்ல. ஞாயித்துக்கெழம பூசைக்கு மொத பெஞ்சு, வருசத்துக்கு ஒரு நாள் அந்தோனியார் திருநாளுக்கு கோட்டுப் போட்டு, மெடல் குத்தி, சுத்துப் பெரகாரத்துல கொடிய புடிச்சிக்கிட்டு முன்னால நடப்பாரு. அம்புட்டுதான் அவரு கேட்ட மரியாதை.

இந்த வருசம் வடக்குல சண்டை கடுமையா இருந்துச்சா, டவுனுக்குப் போற வழியில பாலத்துக்கிட்ட புதுசா செக்பொயிண்ட் போட்டுட்டாங்க. தாத்தா திருநாளன்னைக்கு காலையில சொன்னாரு, தாயி, இந்த வருசம் கோட்டு வேணாம், நாட்டு நெலம சரியில்ல, வெள்ளச் சட்டையோட போறேன்னு. நாந்தான் விடல துஷி. ராத்திரியே கரி போட்டு அயன் பண்ணி பித்தளப் பொத்தானெல்லாம் சாம்பல்ல தேச்சு வச்சிருந்தேன், எனக்குப் பெரும. ஆமிக்காரங்க மெடல பாத்தா எழும்பி நின்னு மரியாதை குடுப்பாங்க, நீங்க போட்டுக்கிட்டு போங்கப்பான்னேன். கழட்டிப் போட்ட சட்டையில அடையாள அட்டை இருக்கு, எடுத்துக் குடும்மான்னு கேட்டாரு. நெஞ்சுல குத்தியிருக்கறத விடவா ஒரு அடையாள அட்டைன்னு சிரிச்சிட்டு, கோயில் அசனச் சோத்துக்கு அரிசி கழுவணும்னு நான் மொத பஸ்ஸுக்கு ஓடிட்டேன். அந்த வார்த்தை என் வாயிலேர்ந்துதான் வந்துச்சு. இத இதுவரைக்கும் உன் பெரியப்பாவுக்குக் கூட சொல்லல.

செக்பொயிண்ட்ல எல்லாரையும் பஸ்ஸ விட்டு எறக்குனாங்களாம். பட்டாளத்துக்காரனுக்கு பட்டாளத்துக்காரன் அடிக்கிற சலூட்டுன்னு நெனச்சு தாத்தா காலச் சேத்து சலூட் அடிச்சிருக்காரு. அவங்க சிரிச்சிருக்காங்க. அப்பறம் ஒருத்தன், தமிழன் ஒடம்புல காக்கி எப்படி வந்துச்சு, இந்த உடுப்ப யாரு குடுத்தான்னு கேட்டிருக்கான். அடையாள அட்டை எங்கேன்னா, இல்ல. எண்பத்தோரு வயசு மனுசன ஜீப்புல ஏத்திட்டாங்க. கோயிலுக்கு வந்தேன், அங்க கேட்டுப் பாருங்கன்னு இவரு சொல்லவும் அந்த ஜீப்பு நம்ம கோயில் கேட்டுக்கு வந்துச்சு. ஃபாதர் உள்ளுக்கு பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கிட்டு இருக்காரு, நான் பின்பக்கம் அண்டாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். கேட்டுல நின்னது உபதேசியார் எஸ்தாக்கி. முப்பது வருசமா ஒரே பெஞ்சுல தாத்தா தோளோட தோளு ஒரசி ஒக்காந்தவரு. இந்த ஆள தெரியுமான்னு கேட்டாங்க. கோயில்ல பாத்திருக்கேன் சேர், எந்த ஊரு என்னான்னு தெரியாதுன்னாரு. பூ கட்டிக்கிட்டு இருந்த நம்ம லயத்து தங்கம்மா ரெண்டு காதாலயும் கேட்டா. தாத்தா குனிஞ்சி பொத்தானத் தடவிக்கிட்டு இருந்தாருன்னு சொன்னா. பைபிள்ல ஆண்டவர தெரியாதுன்னு சீடர் சொன்னப்ப கூட ஒரு சேவல் கூவுச்சு மகளே. இங்க ஜீப்புத்தான் ஹார்ன் அடிச்சிட்டுப் போச்சு. எஸ்தாக்கி கொடிய வேற ஆள் கையில குடுத்து பாட்ட ஆரம்பிச்சு வச்சாரு. சோறு பரிமாறி நான் கை கழுவுற வரைக்கும் எங்கிட்ட ஒருத்தரும் மூச்சு விடல, தங்கம்மாதான் கடைசியில தாங்க முடியாம வந்து அழுதா.

அட்டையத் தூக்கிக்கிட்டு ஆமி கேம்புக்கு ஓடுனேன். பெரிய சேர் இல்ல, செவ்வாக்கெழம வான்னு தொரத்துனாங்க. அப்ப கூட வந்தது யாருன்னு நெனக்கிற, பசார்ல சாமான் கடை வச்சிருக்க முக்தார் நானா. கடைய மூடிட்டு ரெண்டு நாளும் என்னோட வந்து நின்னாரு, மே அபே சீயா, இது எங்க தாத்தா சேர்னு சிங்களத்துல சொல்லி கையெழுத்து வச்சு கூட்டிட்டு வந்தாரு. தாத்தா காலு ரெண்டும் வீங்கி இருந்துச்சு. கோட்ட திருப்பிக் குடுத்தாங்க, பித்தளப் பொத்தானெல்லாத்தையும் அறுத்து எடுத்துட்டு.

அதுக்கப்பறமும் அவரு ஒரு ஞாயித்துக்கெழம தவறல. மொத பெஞ்சதான் விட்டாரு, கதவோரமா கடைசியில போயி ஒக்காந்துக்குவாரு. பூசையில சமாதானம் சொல்றப்ப எஸ்தாக்கி கை நீட்டுனா இவரும் கை குடுத்தாரு. என்னால முடியல துஷி. இன்னி வரைக்கும் முடியல. பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லிட்டேன், ஃபாதர் ஜெபமாலையில அம்பத்திமூணு மணி செபம் தவமா குடுத்தாரு, முழங்கால்ல நின்னு செஞ்சேன், மனசு அப்படியே கல்லாத்தான் கெடக்கு. சாவு வீட்டுல அந்த எஸ்தாக்கி வந்து, நாட்டுக்காகவும் ஆண்டவருக்காகவும் ஒழச்ச வீரரு, நம்ம கோயிலுக்குத் தூணுன்னு பேசுனாரு பாரு. பேசிட்டு எங்கிட்ட வந்து, அக்கா, அந்தக் கோட்ட போட்டு மெடல குத்துனா போட்டோவுக்கு நல்லா இருக்குமேன்னாரு. அன்னைக்கு ஊரு பேரு தெரியாத ஆளு, பொட்டியில படுத்ததும் எப்படி தம்பி தெரிஞ்சிருச்சுன்னு கேட்டேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் கேட்டேன். அந்த மனுசன் கல்லறை வரைக்கும் வரல. முக்தார் நானா வந்தாரு, மண்ணு போட்டுட்டு மழையில நனைஞ்சிக்கிட்டே பஸ்ஸுக்கு நின்னாரு.

கோட்டு போடாததுக்கு காரணம் எஸ்தாக்கி இல்ல. தாத்தா படுக்கையில விழுந்ததும், கடைசிக்கு எப்படியும் வேணும்னு நான் சட்டைப் பொத்தான் அஞ்சு வாங்கி அதுல தச்சேன். பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு. அப்பறம் சொன்னாரு, அத எனக்குப் போட்டுறாத தாயி, மேல போற வழியிலயும் செக்பொயிண்ட் இருந்தா என்னா செய்யறதுன்னு. சொல்லிட்டு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், அடுப்படிக்குப் போயி வாய்க்குள்ள முந்தானைய வச்சிக்கிட்டு அழுதேன். போறப்ப வெள்ளச் சட்டைதான் போட்டேன். சட்டைப் பையில அடையாள அட்டைய வச்சு அனுப்பினேன். திருநாளன்னைக்கு எடுத்துக் குடுக்காதத போறப்பவாவது குடுக்கணும்ல.

அழாத. நேரத்துக்கு சாப்பிடு, மேடம் பிள்ளைங்க மிச்சம் வைக்கிறத சாப்பிட்டுக் காலத்த ஓட்டாத. அந்தோனியாரும் மாதாவும் உனக்கு முன்னயும் பின்னயும் நடந்து வரட்டும். வெளிய எறங்குறப்ப உன் அக்காமா காட்ட, அதான் அந்த நாட்டு அடையாள அட்டைய, மறக்காம எடுத்துக்கிட்டுப் போ. கோயிலுக்குப் போனாலும் எடுத்துக்கிட்டுப் போ, கூட பெஞ்சுல இருக்கவங்க நம்மள தெரியும்னு சொல்லுவாங்கன்னு நம்பிப் போயிறாத.

உன் நெத்தியில சிலுவை போட்டு முத்தம் குடுக்கும்
உன் பெரியம்மா
செபஸ்தியம்மா