கடாவுக்குக் காவல்

தூத்துக்குடி,
3.10.2024

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

போனில் பேசினால் பாதியில் கட்டாகிறது, மீதியில் சண்டை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவின் இதயத்தில் உள்ள ஓட்டை பெரியது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் மதுரையில் ஆபரேஷன். அதற்கு முன் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டு வழக்கப்படி தகப்பன்தானே பிள்ளையை ஏந்தி, அதுவரை யாருக்கும் சொல்லாத பெயரைச் சொல்ல வேண்டும்? 20ஆம் தேதி ஞாயிறு, வந்துவிடுங்கள்.

நாசரேத்திலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா, "ஏளா, வாரேன் வாரேன்னு சொல்லுதான், எப்பந்தான் வருவான்?" என்று தினமும் கேட்கிறார்கள். அசாமில் எருமைக்கு ஊசி போட வேறு டாக்டரே இல்லையா?

உங்கள் ஜெஸ்மி

காட்டு முகாம், அசாம்,
12.10.2024

ஜெஸ்மிக்குட்டி,

கோபப்படாதே. நம் மலைகளில் காட்டெருமை என்பார்களே, அது மாட்டு இனம். இங்கே இருப்பதுதான் அசல் எருமை. நம் ஊரில் பால் கறக்கிற எருமைக்கெல்லாம் இதுதான் மூதாய். இதைப் பழக்கித்தான் மனிதன் சேற்றில் ஏர் ஓட்டினான். இன்று மிஞ்சியிருப்பது சில ஆயிரம்.

இங்குள்ளவர்கள் பருவத்தில் வீட்டு எருமையைக் காட்டோரம் கட்டி வைப்பார்கள். காட்டுக் கடா சேர்ந்தால் கன்று திடமாக இருக்குமாம். ஆனால் வீட்டு எருமையின் கோமாரி நோய் காட்டுக்குள் போகிறது. கலந்து கலந்து அசல் இனமும் அழிகிறது. அதைத் தடுக்கத்தான் நிற்கிறேன். இப்போது ஒரு காட்டுக் கடா வீட்டு எருமை மந்தையோடு ஊருக்குள் வந்து, மேய்ப்பர் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டது. ஊர்க்காரர்கள் விஷம் வைக்கப் பார்க்கிறார்கள். மயக்க ஊசி போடத் தெரிந்தவன் நான் மட்டும். கடாவைக் காட்டில் விட்டதும் ரயில் ஏறுவேன்.

ஞானஸ்நானத்தை 27ஆம் தேதிக்கு வைக்கச் சொல். பாப்பா தாங்குவாள்.

நேசக்குமார்

தூத்துக்குடி,
29.10.2024

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி 27க்குத் தள்ளி வைத்தோம். 24ஆம் தேதி காலையில் பாப்பாவுக்கு மூச்சு முட்டியது. உங்கள் போன் கிடைக்கவில்லை. குருவானவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு, "தகப்பன் எங்கம்மா?" என்று கேட்டார்.

"எருமைக்குக் காவல் இருக்கான்யா" என்றார்கள் உங்கள் அம்மா.

நானே ஏந்தினேன். நீங்கள் நினைத்து வைத்திருந்த பெயர் எனக்குத் தெரியாது. வாயில் வந்த பெயரைச் சொன்னேன். மதியம் போய்விட்டாள். நாசரேத்தில் அடக்கம் செய்தோம்.

கடா காடு சேர்ந்துவிட்டது, கிளம்புகிறேன் என்று நேற்று உங்கள் மெசேஜ் வந்தது. அந்த இனமாவது பிழைக்கட்டும், வயிறெரிந்து சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் சாத்தான்குளத்துக்கு, என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே வராதீர்கள். அவளுக்கு என்ன பெயர் வைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஜெஸ்மி